கல்தச்சருக்கு ஒரு ஸ்வெட்டர்

செங்கல்பட்டில் ஸ்வெட்டர் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள். காசிக்குப் போகிறவர், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற அம்மா, பட்டாளத்தில் சேர்ந்த பையன். ஊரிலேயே இருப்பவர்களில் பிறந்த குழந்தைக்கு வேண்டும். மார்கழி பஜனைக்கு விடியலில் கிளம்பும் தாத்தாவுக்கு ஒரு மங்கி கேப் வேண்டும். அவ்வளவுதான். கொளவாய் ஏரிக் காற்றில் தை மாதம் இரண்டு நாள் உடம்பு சிலிர்த்தால் துண்டைப் போர்த்திக்கொண்டு சமாளித்துவிடுவோம். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் ஒருகாலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி மஸ்லின் துணியைக் கப்பலேற்றினார்கள். இந்தக் கரைக்குப் பொருந்திய துணி அதுதான், கம்பளி இல்லை. செங்கல்பட்டில் நான் வாழ்நாளெல்லாம் தையல் டீச்சராக இருந்துகொண்டு உல்லன் பின்னினேன் என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். எனக்கே வரும்.

கை பழகியது 1962இல். சீனப் போர் அக்டோபரில் தொடங்கியது. பெரியவர்கள் பாதுகாப்பு நிதிக்கு நகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள்; கழற்றிக் கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது? ஜவான்களுக்கு மஃப்ளர் பின்னச் சொல்லி ஆளுக்கு ஒரு உருண்டை காக்கி உல்லனைக் கொடுத்தார்கள். ஒரு நிட், ஒரு பர்ல். வேர்வைக் கையில் நூல் ஒட்டிக்கொள்ளும், அலுமினிய ஊசி கறுத்துப்போகும். கையில் குட்டிகூரா பவுடர் தட்டிக்கொண்டு பின்னச் சொன்னார் சிஸ்டர். பனியை ஒருவருமே பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ஐஸ் பெட்டியைத் திறந்து முகத்தை நுழைத்துப் பார்த்துவிட்டு வந்த தோழிதான் எங்களுக்கு இமயமலை நிபுணர். நவம்பரில் போர் நின்றுவிட்டது. மஃப்ளர்கள் முடிந்தது அதற்கும் பிறகு. அவை எந்தக் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு தையல் பரீட்சைகள் எழுதி, டீச்சரானேன். பாடத்தில் இருந்த ஸ்வெட்டர் கீழிருந்து மேலே போகும். இடுப்பு பார்டரில் தொடங்கி முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி, இரண்டு கைகள் தனி. நான்கு துண்டையும் கடைசியில் தைத்துச் சேர்க்க வேண்டும். தையல் டீச்சர் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் பின்னலைத் தைப்பதைப் போல வெறுப்பான வேலை இன்னொன்று இல்லை. அதைவிடப் பெரிய குறை வேறு. தைத்து முடிக்கும்வரை அது போட்டுக்கொள்கிறவர் உடம்பில் எப்படி உட்காரும் என்று தெரியாது. தோளில் இடிக்கிறது, கை நீளம் என்றால் எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். அதனால் எங்கள் பக்கத்தில் பின்னிய ஸ்வெட்டர் எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். “வளர்ற பையன்தானே” என்று நாற்பது வயசுக்காரருக்கும் சொல்லிவிடுவோம்.

மேலிருந்து கீழே பின்னும் முறையை நான் கற்றது மாமல்லபுரத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழி பஸ் பிடித்து நாத்தனார் வீட்டுக்குப் போவேன். ஒத்தவாடைத் தெருவில் அப்போதே வெள்ளைக்காரர்கள் கூட்டம். ஒரு சாப்பாட்டுக் கடைத் திண்ணையில் வயதான ஒரு அம்மாள் பின்னிக்கொண்டிருந்தார், மே மாத வெயிலில். மடியில் இருந்தது பாதி ஸ்வெட்டர்: கழுத்தும் தோளும் இருந்தன, இடுப்பைக் காணோம். நான் நின்று பார்ப்பதைக் கண்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்கு என் பாஷை தெரியாது, என் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. ஊசிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் பின்னியது ஒரே வளைய ஊசியில்: இரண்டு முனைக்கும் நடுவே நைலான் கயிறு. கிளம்பும்போது அதே மாதிரி இன்னொன்றை உறையோடு என் கையில் வைத்தார். உறையில் குதிரைக்குட்டிப் படம். போனி ஊசி, இந்தியாவில் செய்தது. நீலகிரியில் கேத்தியில் 1949இலிருந்து நடக்கும் ஊசித் தொழிற்சாலையின் சரக்கு. மலையிலிருந்து இறங்கிக் கடல் தாண்டிப் போய், சீமையில் விலைக்கு வாங்கப்பட்டு, திரும்பவும் நம் கரைக்கே வந்திருக்கிறது. செங்கல்பட்டுக் கடைகளில் அதுவரை அந்த வளைய ஊசியை நான் பார்த்ததில்லை.

முறையின் சூட்சுமம் எளிது. கழுத்துப் பிடரியில் கொஞ்சம் கண்ணி ஏற்றித் தொடங்க வேண்டும். தோளில் நான்கு கோடுகள் சாய்வாக இறங்கும். அந்தக் கோடுகளின் இரு பக்கமும் ஒரு வரி விட்டு ஒரு வரி ஒவ்வொரு கண்ணி கூட்டினால், முன், பின், இரு கைகள் எல்லாமே ஒன்றாக விரியும். அந்தச் சாய்வுக் கைக்கு ராக்லான் என்று பெயர். வாட்டர்லூ சண்டையில் ஒரு கையை இழந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லான் பிரபுவின் பெயர் அது. அவர் பிறகு கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையை நடத்தினார். அதே போரில் இருந்த கார்டிகன் பிரபுவின் பெயர் முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டருக்கு. சண்டை நடந்த பாலக்லாவா ஊரின் பெயர் நம் மங்கி கேப்புக்கு. ஒரு போர் உலகத்துக்கு இத்தனை கம்பளித் துணிக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வேறு நன்மை எதுவும் அதனால் விளைந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கல்தச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தது நான் இந்த முறையைக் கற்றுச் சில வருஷம் கழித்து, 1990களின் கடைசியில். ஐந்து ரதம் போகும் சாலையில் ஒரு பட்டறையில் வேலை. அவர் மனைவி என் பழைய மாணவி. ஃப்ளஷிங்கிலும் பிட்ஸ்பர்க்கிலும் 1970களில் கோயில் எழும்பியதிலிருந்தே அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கோயில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சிலை செய்யவும் விமானத்தில் சுதை வேலை செய்யவும் தமிழ்நாட்டுச் சிற்பிகள்தான் போய் வருவார்கள். அவருக்கும் ஒரு கோயிலில் வேலை வந்திருந்தது. கிளம்புவது ஐப்பசியில்; குளிர்காலம் முழுக்க அங்கே.

“பாரிமுனைல ரெடிமேட் பார்த்தோம் டீச்சர்,” என்றாள் அவள். “மார்புக்குச் சரியா இருந்தா கை விரல் வரைக்கும் தொங்குது. கை சரியா இருந்தா தோள்ல மாட்டுது.”

அவர் நிற்பதைப் பார்த்ததுமே புரிந்தது. குள்ளம், அகலம். இருபது வருஷம் சுத்தியல் பிடித்த வலது தோள் இடது தோளைவிடத் திரண்டிருந்தது. முன்கை இரண்டும் மணிக்கட்டு வரை ஒரே பருமன். எந்தக் கம்பெனியும் இந்த உடம்புக்கு ஸ்வெட்டர் செய்வதில்லை.

“உங்களுக்கு எப்படி வேணும்?” என்றேன்.

யோசித்தே வைத்திருந்தார். “கழுத்து வட்டமா வேண்டாங்க டீச்சர். நாள் முழுக்கக் குனிஞ்சே இருப்போம், தாடைல இடிக்கும். கல்தூளும் மடிப்புல அடைஞ்சுக்கும். இறக்கமா, முக்கோணமா இருக்கட்டும். கைய முழங்கை வரைக்கும் மேல தள்ளிக்கணும், தள்ளினா அங்கேயே நிக்கணும். நிறம் கருங்கல் நிறம்.”

டேப்பை எடுத்தேன். மார்பு 39 இஞ்ச். உள்ளே சட்டை போடுவார் என்பதால் 3 இஞ்ச் தளர்வு. எழுதிக்கொண்டே, அந்த வெள்ளைக்கார அம்மாள் ஒரு உறையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்த கணக்கையும் பக்கத்தில் எழுதினேன். அது எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல்காரரின் கணக்கு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் விஸ்கான்சினில் குடியேறியவர். ஸ்வெட்டரின் மார்புச் சுற்றளவை 100 என்று வைத்துக்கொண்டால் மேல்கை 33க்குக் கொஞ்சம் மேலே, கழுத்து 40, மணிக்கட்டு 20. ஆள் யாராக இருந்தாலும் விகிதம் அதேதான்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “இது எங்க கணக்குதானே,” என்றார்.

சிலைக்கு இஞ்ச், சென்டிமீட்டர் எல்லாம் கிடையாதாம். முகம் ஒரு தாலம். அந்த முகத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒன்று ஒரு அங்குலம். நவதாலச் சிலையில் தொண்டைக்குழியிலிருந்து மார்பு ஒரு முகம், மார்பிலிருந்து தொப்புள் ஒரு முகம், அதற்குக் கீழே ஒன்று, தொடை இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. கழுத்துக்கும் முழங்காலுக்கும் பாதத்துக்கும் நாலு நாலு அங்குலம். மொத்தம் 108. சாண் உயரச் சிலையானாலும் ஆள் உயரச் சிலையானாலும் கணக்கு மாறாது. உத்தம தசதாலம் என்றால் 124 அங்குலம், அது பெரிய தெய்வங்களுக்கு. மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி.

இத்தனை வருஷம் நான் பெண்களுக்கு “முப்பத்தாறு சைஸ், முப்பத்தெட்டு சைஸ்” என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் கணக்கு அது. உடம்புக்கு வெளியே யாரோ செய்து வைத்த அளவுகோல். இந்த இரண்டு கணக்கும் வேறு ஜாதி. ஆளின் ஓர் அங்கத்தை எடுத்து, மற்ற அங்கத்தையெல்லாம் அதனால் அளக்கிறார்கள். விஸ்கான்சின் பாட்டியும் மாமல்லபுரத்து ஸ்தபதிகளும் ஒருவரையொருவர் அறியாமலே அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

“கழுத்து எவ்வளவு இறங்கணும்?” என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துத் தாடையிலிருந்து நெற்றி வரை வைத்து அளந்தார். அதே கையைத் தொண்டைக்குழியில் வைத்தார். “முழு முகம் இறங்கினா சளி பிடிச்சுக்கும். முக்கால் முகம்.”

டேப்பில் பார்த்தால் முக்கால் முகம் ஐந்தரை இஞ்சுக்குச் சற்று மேல். தோள்பட்டையிலிருந்து தொண்டைக்குழிக்கு ஒரு மூன்று இஞ்ச். ஆக எட்டரை.

நூலைப் பாரிமுனையில் வாங்கினேன், லூதியானா சரக்கு. மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். லேபிளில் இருக்கும் லாட் நம்பர் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் “ஒரே கலர்தாம்மா” என்பார். கடை விளக்கில் எல்லாம் ஒரே கலர்தான். வெயிலில் கொண்டுவந்து பார்த்தால் ஒரு லாட் சாம்பல், இன்னொன்று நீலம் கலந்த சாம்பல்.

முதலில் மாதிரித் துண்டு. நாலு இஞ்ச் சதுரம் பின்னி, நனைத்து, காயவைத்து எண்ணினேன். இஞ்சுக்கு அகலத்தில் 5 கண்ணி, உயரத்தில் 7 வரி. இதைச் செய்யாமல் ஸ்வெட்டர் தொடங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிடரிக்கு 32 கண்ணி, கைக்குப் பத்துப் பத்து, முன்பக்கத்துக்கு இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, மொத்தம் 54. முன்பக்கத்துக்கு ஒவ்வொரு கண்ணிதானா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அங்கேதான் V இருக்கிறது. முன்பக்கம் திறந்தே கிடக்கும். போய்ப் போய்த் திரும்பிப் பின்ன வேண்டும். தோள் கோடுகளில் கூட்டுவதோடு, கழுத்து ஓரத்திலும் நாலு வரிக்கு ஒரு தடவை ஒரு கண்ணி கூட்டினால் இரண்டு ஓரமும் மெல்ல நெருங்கி வரும். பதினைந்து தடவை கூட்டினால் அறுபது வரி. ஏழால் வகுத்தால் எட்டரை இஞ்ச். அங்கே இரண்டு ஓரமும் சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் வட்டமாகச் சுற்றவேண்டியதுதான். ஆழமான V வேண்டுமென்றால் ஆறு வரிக்கு ஒரு தடவை கூட்டு; மேலோட்டமாக வேண்டுமென்றால் இரண்டு வரிக்கு. கழுத்தின் சாய்வு முழுக்க அந்த ஒரு எண்ணிக்கையில் இருக்கிறது.

அக்குள் வந்ததும் கைக் கண்ணிகளை வேறு நூலில் கோத்து நிறுத்திவிட்டு, அக்குளுக்கு எட்டு எட்டுக் கண்ணி புதிதாகப் போட்டு உடம்பைச் சேர்த்தேன். 208 கண்ணி. அந்த நிலையில் அவரை வரச்சொல்லித் தலைவழியாக மாட்டிப் பார்த்தோம். ஊசியின் நைலான் கயிறு மார்பைச் சுற்றித் தொங்க, கையில்லாத, வயிறில்லாத ஸ்வெட்டரோடு எங்கள் கூடத்தில் நின்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து கீழே தொங்குகிற வரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “வாங்க டீச்சர் ஒருநாள், வலையன்குட்டை ரதத்தைக் காட்டறேன்,” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமல்லபுரத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில், வெண்ணெய்த் திரட்டிப் பாறை, பஜ்ஜி, பஸ் என்று திரும்பிவிடுவோம். ஊருக்கு மேற்கே ஒதுங்கி நிற்கும் வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பார்க்க யாரும் போவதில்லை. மேலே சிகரமும் கூடு வரிசையும் துலக்கமாகச் செதுக்கியிருக்கிறது. கண்ணைக் கீழே இறக்க இறக்க வேலை கரடாகிறது; அடியில் வெறும் பாறை. ஏழாம் நூற்றாண்டில் உளியைக் கீழே வைத்தவர்கள் எந்த வரியில் வைத்தார்கள் என்று விரலால் காட்டலாம். பெரிய தர்மராஜ ரதத்திலும் அப்படித்தான்: மேல் தளங்களில் அத்தனை நுணுக்கம், தரைத்தளத்தின் உள்ளே குடைந்து முடிக்கவில்லை.

“மேலேயிருந்துதான் இறங்கணும்,” என்றார். “நிக்கறதுக்குக் கீழே பாறை இருக்கு, சாரம் வேண்டாம். உடைஞ்சு விழற சில்லு முடிச்ச வேலை மேல விழாது.” முடிக்காத குகையொன்றின் சுவரில் சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, நடுவில் நின்ற கட்டிகளைத் தட்டியெடுத்திருப்பதைக் காட்டினார். என் கிராஃப் நோட்டை விரித்து வைத்த மாதிரி இருந்தது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் அவர் விடவில்லை. “நீங்க பிரிச்சுட்டுத் திரும்பப் பின்னிக்கலாம். எங்களுக்குப் போனா போனதுதான்.” அதைப் பொறாமையோடு சொன்னாரா, பெருமையோடு சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு வேறொன்று தோன்றியது. இருவருக்குமே தொடக்கம்தான் கெட்டி. பிடரியும் தோளும் சரியாக உட்கார்ந்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் போகப்போகப் பேசி முடிவு செய்யலாம். பாடத்தில் இருந்த முறையில் இடுப்பிலேயே நீளத்தை முடிவு செய்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டு ஏறுவோம். சுமை தொங்குவது தோளிலிருந்து. இடுப்பிலிருந்து அளந்து என்ன பயன்?

உடம்பை முடிக்கும் முன்பு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். “குந்தி உக்கார்ந்தா முதுகு தெரியக்கூடாது” என்று அங்கேயே குந்திக் காட்டினார். இரண்டு இஞ்ச் கூட்டினேன். பின்பக்கம் மட்டும் இன்னும் ஆறு வரி, ஓரத்திலிருந்து பாதி பாதியாகத் திரும்பி வந்து பின்னியது. வெளியே தெரியாது, உட்கார்ந்தால் தெரியும். கைகளில் வலது கைக்கு அக்குளிலிருந்து மூன்று இஞ்ச் வரை ஒரு கண்ணியும் குறைக்கவில்லை. இடது கைக்கு முதல் இஞ்சிலேயே குறைக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கை பருத்து இன்னொன்று மெலிந்து, பரீட்சைக்கு வைத்தால் ஃபெயில் போடுவார்கள். அவர் போட்டதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கடைசியில் கழுத்துப் பட்டை. V சேரும் இடத்தில் மூன்று கண்ணியை ஒன்றாக்க வேண்டும்; நடுக்கண்ணி மேலே படுத்துக்கொண்டு நேராக ஒரு முதுகெலும்பு மாதிரி ஏற வேண்டும். அந்த ஒரு இஞ்சைப் பார்த்தாலே பின்னியவர் கை தெரிந்துவிடும். நிறையப் பேர் அங்கே ஓட்டை விழவிட்டு, பிறகு ஊசியால் இழுத்துத் தைக்கிறார்கள்.

சண்டை வந்தது மணிக்கட்டில்தான். கணக்குப்படி நூற்றுக்கு 20, 208க்கு 42 கண்ணி. அவர் அதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டார். முழங்கை வரை தள்ளினால் பட்டை முன்கையின் பருமனில் நிற்க வேண்டும், ரத்தம் கட்டக் கூடாது. “சாமிக்குத் தாலம், ஆளுக்கு ஆள்தான் டீச்சர்.” அவர் முன்கையை அளந்தேன். பத்து இஞ்ச், 50 கண்ணி, 24. அவர் சொன்னதே போட்டேன்.

இரண்டு குளிர்காலம் முடிந்து வந்தபோது ஸ்வெட்டரும் கூட வந்தது. சுண்ணாம்பும் சிமெண்டும் பட்டு மணிக்கட்டுப் பட்டைகள் நைந்து நூல் பிரிந்திருந்தன. உடம்பும் கழுத்தும் புதுசு போல. கீழிருந்து பின்னியிருந்தால் அந்தப் பட்டைதான் தொடக்கம், அதைப் பிரிக்க முடியாது. இதில் அதுதான் முடிவு. முனையை அவிழ்த்து இழுத்தால் சரசரவென்று கழன்று வந்துவிடும். நைந்த இடம் வரை பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றித் திரும்பப் பின்னினேன். பழைய லாட் கிடைக்கவில்லை. நீலம் கலந்த சாம்பல்தான் கிடைத்தது. “கல்லுல ரேகை ஓடற மாதிரி இருக்கு, பரவாயில்ல” என்றார்.

அதற்குப் பிறகு பட்டறையிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். என் கண் மங்கிவிட்டதால் இப்போது பின்னுவது அவர் மனைவி. என் நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. அதில் மணிக்கட்டு 20 என்று நான் எழுதியிருந்ததை அடித்து, எல்லாருக்கும் 24 என்று எழுதி வைத்திருக்கிறாள். பாங்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு எதற்கடி 24, தொளதொளவென்று தொங்காதா என்று கேட்டேன்.

“கைய மடிச்சுவிடாம என்ன வேலை டீச்சர் செய்யறாங்க?” என்கிறாள்.